தங்கச்சிமடத்துப் புதுவீட்டுக்கு எந்த வாஷிங் மெஷின், எந்த ஃபிரிட்ஜ்?

"தங்கச்சிமடத்தில் கடலிலிருந்து நானூறு அடி தூரத்தில் வீடு கட்டி முடித்திருக்கிறோம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர், அடுப்பு எல்லாம் சேர்த்து வாங்க வேண்டும். அம்மா வீட்டில் முன்பக்கம் கதவு வைத்த மெஷின் மூன்றே ஆண்டில் போய்விட்டது. எந்தக் கம்பெனி பொருள் நீடித்து உழைக்கும் அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இராமநாதபுரத்தில் கடை போட்டு, தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் இருபத்து நான்கு ஆண்டுகளாக இந்தப் பொருட்களைக் கழற்றி மாட்டுகிறவன் நான். பரமக்குடியில் பன்னிரண்டு ஆண்டு ஓடிய அதே மாடல், பாம்பனில் நான்காம் ஆண்டு குப்பைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். பெயர்ப் பலகை ஒன்றுதான், தண்ணீரும் காற்றும்தான் வேறு. அதோடு, கம்பெனிகள் இரண்டு ஆண்டுக்கொரு முறை மாடலை மாற்றி, உள்ளே இருக்கும் உலோகத்தையும் சத்தமில்லாமல் மாற்றிவிடுகின்றன. நேற்று நல்ல பெயர் வாங்கிய பொருளும் இன்று வரும் பொருளும் ஒன்றல்ல. ஆகவே கடைக்குப் போகும்போது எதைத் தட்டிப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வாஷிங் மெஷினிலிருந்து தொடங்குகிறேன். நம் கரையில் அதிகம் ஏமாறுவது அதில்தான்.

அம்மா வீட்டு மெஷின் எப்படிச் செத்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் சுழலும்போது லாரி போவதுபோலச் சத்தம் வந்து, டிரம் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு ரப்பரைக் கிழித்துக்கொண்டு நின்றிருந்தால் கதை எனக்குத் தெரியும். முன்பக்கக் கதவு மெஷினின் டிரம் துருப்பிடிக்காத எஃகு. கடையில் அதைத்தான் தட்டிக் காட்டுவார்கள். ஆனால் அந்த டிரம்மை முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும் மூன்று கால் சட்டம் ஒன்று உண்டு. நாங்கள் ஸ்பைடர் என்போம். பெரும்பாலான மெஷின்களில் அது அலுமினியக் கலவை வார்ப்பு. எஃகும் அலுமினியமும் ஒட்டி நின்று, நடுவில் உப்புத் தண்ணீரும் சோப்பும் இருந்தால் அது பேட்டரி வேலை செய்வதுபோல. அலுமினியம் கரைந்துகொண்டே போகும். மண்டபத்தில் ஒரு வீட்டில் பிரித்தபோது மூன்று கால்களில் இரண்டு, நனைந்த பிஸ்கட்போலக் கையோடு வந்தன. அந்த வீட்டுக்கு அந்த மெஷினை வாங்கச் சொன்னதே நான்தான். அன்றைக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பல மாடல்களில் ஸ்பைடர் தனியாகக் கிடைக்காது, டிரம்மோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். கூலியையும் கூட்டினால் பாதி மெஷின் விலை வந்துவிடும்.

எனவே முதல் கேள்வி, உங்கள் வீட்டுக்கு எந்தத் தண்ணீர்? தங்கச்சிமடம், இராமேஸ்வரம் பக்கம் மணலுக்கு அடியில் மழைநீர் ஒரு படலமாக மிதக்கிறது. அதற்குக் கீழே கடல் தண்ணீர். உப்பில்லாத தண்ணீர் எடை குறைவு என்பதால் மேலே நிற்கிறது. தனுஷ்கோடியில் இரண்டு முழம் மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பது இப்படித்தான். ஆழ்துளை போட்டு ஐம்பது அடி, நூறு அடி இறக்கினால் அந்தப் படலத்தைத் துளைத்து உப்பிலே போய் நிற்கிறோம். அது மட்டுமல்ல, கிணற்றிலேயே மோட்டாரை நெடுநேரம் ஓட விட்டால் கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும். வீடு கட்டும்போது ஆழக்கிணறு போட்டவர் "தண்ணீர் வற்றாது" என்று சொல்லியிருப்பார். வற்றாதுதான், கடல் எங்கே வற்றுகிறது?

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்ட, டிடிஎஸ் மீட்டர் என்று பேனா அளவில் ஒரு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி, மெஷினுக்கு வரப்போகும் குழாயில் அளந்து பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. துவைக்க 1000-க்குள் இருந்தால் எந்த மெஷினும் ஓரளவு தாங்கும் என்பது என் அனுபவம். 2000-ஐத் தாண்டினால் முன்பக்கக் கதவு மெஷினை மறந்துவிடுங்கள். அளவு கோடை முடிவில் ஏறும், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் இறங்கும். ஆகவே ஆனி, ஆடியில் எடுத்த அளவைத்தான் நம்ப வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "சாஃப்ட்னர் மாட்டினால் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீர் ஆகிவிடும்" என்று வாசலுக்கு வந்து விற்கிறார்கள். அது பாதி உண்மை. சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தைத் தருகிறது. கடினத்தன்மை போகும், வெள்ளைப் படிவு குறையும், சோப்பு நுரைக்கும். ஆனால் உப்பில் உள்ள குளோரைடு அப்படியே இருக்கும். உலோகத்தை அரிப்பது அந்தக் குளோரைடுதான். சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் டிடிஎஸ் அளந்து காட்டச் சொல்லுங்கள். எண் அநேகமாக மாறாது, விற்பவர் பேச்சுதான் மாறும். குழாயில் மாட்டும் சிறிய வடிகட்டி உருளையும் படிவைத் தள்ளிப்போடும், அவ்வளவே.

இரண்டாவது கேள்வி, மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? முன்பக்கக் கதவு மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் அழுத்தம் தேவை என்று கையேட்டில் எழுதியிருக்கும். நம் மொழியில், மெஷின் வால்வுக்கு மேலே மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில், மொட்டை மாடித் தளத்திலேயே தொட்டியை உட்கார வைத்தால் இரண்டரை மீட்டர்கூடத் தேறாது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏறும், மெஷின் பொறுமை இழந்து பிழை எண்ணைக் காட்டி நிற்கும், நீங்கள் எனக்குப் போன் செய்வீர்கள். தொட்டிக்கு நான்கடி மேடை கட்ட இன்னும் வாய்ப்பிருந்தால் கொத்தனார் இருக்கும்போதே கட்டிவிடுங்கள்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், நம் கரையில் பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இரட்டைத் தொட்டி உள்ள அரைத் தானியங்கி மெஷின்தான். முகம் சுளிக்காதீர்கள். உடல் முழுக்க பிளாஸ்டிக், துருப்பிடிக்க இடம் குறைவு. கணினிப் பலகை இல்லை. திருகு விசையும் இரண்டு மோட்டாரும்தான். வாளியில் ஊற்றினாலும் ஓடும், தொட்டி உயரம் பார்க்காது. துவைப்பதற்குக் கிணற்றுத் தண்ணீரும், கடைசி அலசலுக்குக் காவிரிக் குழாய் நல்ல தண்ணீரும் என்று பிரித்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் வெள்ளைத் துணி மஞ்சளிக்காது, இரும்புப் பாகங்களிலும் உப்புத் தங்காது. கெட்டுப்போனால் மூடி, டைமர், வடிகுழாய் எல்லாம் இராமநாதபுரத்திலேயே கிடைக்கும். குறை என்னவென்றால், ஈரத் துணியைக் கையால் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். இடுப்பு வலி உள்ள பெரியவர்கள் துவைக்கும் வீடென்றால் மேல்பக்கம் மூடி உள்ள முழுத் தானியங்கியை எடுங்கள். அதில் வெளித் தகடு இரும்பா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். அடிப்பக்கத்தைச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். எலி புகாத மூடி இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

முன்பக்கக் கதவு மெஷின் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு சலவைக்கு அது ஐம்பது, அறுபது லிட்டரில் வேலையை முடிக்கும். மேல்மூடி மெஷின் நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். தண்ணீரை லாரியில் விலைக்கு வாங்குகிற வீட்டுக்கு அது பெரிய விஷயம். நல்ல தண்ணீர் இணைப்பு நிச்சயமாக இருந்து, தொட்டியும் உயரத்தில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். சூடான சலவையை அன்றாடம் போடாதீர்கள், நம் தண்ணீரில் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு கட்டிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நூறு கிராம் சிட்ரிக் அமிலத்தைப் போட்டுத் துணி இல்லாமல் சூடான சுற்று ஓட்டினால் போதும். அதோடு ப்ளீச்சிங் பவுடர் எதையும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும்.

இனி காற்று. அடுக்களையில் உப்புச் சாடி மழைக்காலத்தில் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் காற்றில் வரும் கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூசி ஃபிரிட்ஜின் முதுகிலும் மெஷினின் மின்பலகையிலும் படிந்து, இராத்திரி ஈரத்தில் அதே வேலையைச் செய்கிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் துரு அரித்ததால் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனி வகைப் பெயின்டும் போட்டிருக்கிறார்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறது. அவர்கள் இடம் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள்.

ஃபிரிட்ஜ் வாங்கும்போது எல்லோரும் முகத்தைப் பார்க்கிறார்கள்: பூப்போட்ட கண்ணாடி, நிறம், கைப்பிடி. நீங்கள் கடைக்காரரிடம் முதுகைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கம்ப்ரசர் இருக்கும் குழியில் செம்புக் குழாயும் எஃகுக் குழாயும் சேரும் பற்றவைப்பு இடங்கள் இருக்கும். நம் ஊரில் வாயு கசிவது அங்கேதான். இப்போதைய ஃபிரிட்ஜ்களில் பலவற்றுக்கு, சூட்டை வெளியே விடும் கன்டென்சர் குழாய் வெளியே தெரியாது. பக்கச் சுவருக்குள், நுரைக்குள் புதைத்திருப்பார்கள். காற்று படாததால் அது ஒரு வகையில் நல்லதுதான். ஆனால் உள்ளே ஓட்டை விழுந்தால் அடைக்க வழியில்லை. முதுகில் வெளியே ஒரு கன்டென்சர் கட்டி ஒப்பேற்ற வேண்டியதுதான். வாங்கிக் கொண்டுவந்ததும் முதல் வேலையாக, பிளக்கை மாட்டுவதற்கு முன்பே, அந்தப் பற்றவைப்பு இடங்களில் தூரிகையால் கிரீஸ் மெல்லியதாகத் தடவிவிடுங்கள். பத்து நிமிட வேலை. இதைச் சொல்லிச் சொல்லி என் பிழைப்பிலே நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன்.

இன்று வரும் வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்ற வாயு. அது ஐசோபியூட்டேன், அடுப்பு வாயுவின் உறவுக்காரன், தீப்பிடிக்கும். அளவு சில பத்துக் கிராம்தான் என்பதால் பயப்பட வேண்டாம். ஆனால் பழைய பழக்கத்தில் வாயு நிரம்பிய குழாயில் நெருப்பைக் காட்டுகிற மெக்கானிக்கை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஒற்றைக் கதவா, பனி கட்டாத இரட்டைக் கதவா? நான்கு பேர் வீடு, மீன் அன்றன்றைக்கு வருகிற ஊர் என்றால் 190 லிட்டர் ஒற்றைக் கதவே போதும். அதில் விசிறி இல்லை, பனி உருக்கும் ஹீட்டர் இல்லை. கெடுவதற்கான பாகங்களும் அந்த அளவுக்குக் குறைவு. திருவிழாவுக்கும் பெருநாளுக்கும் இறைச்சி சேர்த்து வைக்கிற பெரிய குடும்பம் என்றால் இரட்டைக் கதவு எடுங்கள். நட்சத்திரக் குறியை எண்ணுவதைவிட, அதே வில்லையில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 180 என்று இருந்தால் இரண்டு மாதத்துக்கு முப்பது யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. வில்லையில் இருக்கும் செல்லுபடிக் காலத்தையும் பாருங்கள். நட்சத்திர விதியை இறுக்கும்போது பழைய ஐந்து நட்சத்திரம் நான்காகவோ மூன்றாகவோ இறங்கிவிடும். கிடங்கில் கிடந்த பழைய சரக்கைப் பழைய நட்சத்திரத்தோடு தலையில் கட்டுவார்கள்.

கடல் பார்த்த சன்னலுக்கு நேரே ஃபிரிட்ஜ் வேண்டாம். உங்கள் தீவில் வாடைக் காற்றுக்கு வடகடல், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக்குத் தென்கடல் என்று ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு பக்கம் உப்பு வந்துகொண்டே இருக்கும். நடுச்சுவரை ஒட்டி, நான்கு அங்குலம் தள்ளி வையுங்கள். தரையிலிருந்து அரை அடி உயர பிளாஸ்டிக் ஸ்டாண்ட் போடுங்கள். கதவின் கீழ் விளிம்பு துருப்பிடிப்பது பெரும்பாலும் கடலால் அல்ல, தரை துடைக்கும் தண்ணீரால்.

மின்சார வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் நான் ஃபிரிட்ஜுக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். எர்த் குழியில் இறக்கியிருப்பது இரும்புக் குழாயா, செம்பு பூசிய கம்பியா? கடற்கரை ஈர மணலில் எர்த் ஆரம்பத்தில் அருமையாகவே வேலை செய்யும், உப்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் அல்லவா? ஆனால் அதே உப்பு இரும்புக் குழாயைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். மேலே கம்பி மாட்டியபடி இருக்கும், கீழே குழாய் இருக்காது. ஏர்வாடிப் பக்கம் ஒரு வீட்டில் மெஷினைத் தொட்டால் 'சுர்ர்' என்கிறது என்று கூப்பிட்டார்கள். மெஷினில் குறை இல்லை, குழியைத் தோண்டினால் செம்மண் போலத் துரு மட்டும் இருந்தது. செம்பு பூசிய கம்பி போடச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் ஒன்றை மெயின் பெட்டியில் மாட்டி, அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். தட்டென்று விழ வேண்டும். ஈரக்கையோடு தொடுகிற பொருட்கள் இவை.

புயல், பெருங்காற்று நாட்களில் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் நானூறை நெருங்கிய மின்சாரம் வந்துவிடும். இன்வர்ட்டர் கம்ப்ரசர் உள்ளது, ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று கடையில் சொல்வது சாதாரண ஏற்ற இறக்கத்துக்குச் சரி, இதற்குச் சரியல்ல. மின்னழுத்தம் மிஞ்சினால் துண்டிக்கும் வசதி உள்ள ஒரு ஸ்டெபிலைசரை ஃபிரிட்ஜுக்காவது போடுங்கள்.

அடுப்புக்கு ஒரே விஷயம்தான், எஃகின் தரம். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எஃகு என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். 304 தரத்திலும் ஒட்டாது, மலிவான 202 தரத்திலும் ஒட்டாது. 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். நம் காற்றில் ஓராண்டில் புள்ளி புள்ளியாகத் துரு பூத்துவிடும். 304 என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது. பர்னர் பித்தளையில் இருக்கட்டும். அடுப்பில் ஐஎஸ் 4246, குக்கரில் ஐஎஸ் 2347 என்ற எண்களோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். வாயுக் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், அதற்குள்ளேயே உலோக முனையில் துரு தெரிந்தால் அப்போதே. கண்ணாடி மேல்தளம் துருப்பிடிக்காதுதான். பெரிய சட்டியில் மீன் குழம்பு வைத்து இழுக்கிற வீட்டுக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. சிம்னியை விட்டுவிடுங்கள், காற்றுக்குப் பஞ்சமா நம் ஊரில்?

மிக்ஸிக்கு 750 வாட், செம்புச் சுற்று உள்ள மோட்டார், சுமை மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அடியில். ஜாரின் புஷ்ஷும் கப்ளரும் இராமநாதபுரத்தில் எந்த மாடலுக்குக் கிடைக்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டு அந்த மாடலை வாங்குங்கள். 2011-இல் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய மிக்ஸி, கிரைண்டர்கள் சில இன்னும் என் கடைக்கு வருகின்றன. பாகம் கிடைக்கிற வரைக்கும் பொருளுக்குச் சாவில்லை. கிரைண்டர் கோயம்புத்தூர்ச் சரக்காகவே இருக்கட்டும், அந்த ஊர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. கல்லைவிட அடிச்சட்டத்தைப் பாருங்கள்: பெயின்ட் அடித்த இரும்புச் சட்டம் வேண்டாம், எஃகு அல்லது கெட்டிப் பிளாஸ்டிக். இண்டக்ஷன் என்கிற மின்காந்த அடுப்பு ஒன்று அவசரத்துக்கு வேண்டுமென்றால் விலை குறைந்ததை வாங்கி, வேலை முடிந்ததும் மூடி வையுங்கள். அதன் விசிறி உப்பையும் கரப்பான்பூச்சியையும் சேர்த்தே உள்ளே இழுக்கும்.

உத்தரவாதத் தாளைக் கடையிலேயே நின்று படியுங்கள். "பத்து ஆண்டு" என்று கொட்டை எழுத்தில் இருப்பது கம்ப்ரசருக்கோ மோட்டாருக்கோ மட்டும். வாயு நிரப்பும் செலவும் கூலியும் பெரும்பாலும் உங்களுடையது. துருவும் உப்புத் தண்ணீரும் விலக்கு என்று பொடி எழுத்தில் இருக்கும். கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்: "தங்கச்சிமடத்துக்கு யார் வருவார், எத்தனை நாளில், பாலம் தாண்ட வண்டிக்கூலி தனியா?" ஒரு முறை என் சொந்த வீட்டு மெஷினுக்கே நான் புகார் பதிந்து இருபத்தாறு நாள் காத்திருந்தேன். உத்தரவாதம் உள்ள பொருளை நானே பிரித்தால் அது செல்லாதாம்! அலைக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் பில்லில் வரிசை எண் இருந்தால்தான் பேச்சு எடுபடும். தள்ளுபடிக்கு மயங்கித் தொலைவிலிருந்து வரவழைத்தால், பெட்டி பிரிப்பதைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர் இப்போது. எர்த் வேலை முடிந்த பிறகு ஃபிரிட்ஜ். வாஷிங் மெஷினுக்கு இரண்டு எண்கள் எனக்கு வேண்டும்: மெஷின் வைக்கப்போகும் குழாயில் எடுத்த டிடிஎஸ் அளவு, அந்தக் குழாயிலிருந்து தொட்டியின் அடி வரைக்கும் உள்ள உயரம். கிணற்றுத் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்; கலந்தால் அளவைக் காலையில் ஒரு முறை, மோட்டார் போட்ட பிறகு ஒரு முறை எடுங்கள். அதைப் பார்த்துவிட்டு முன்பக்கக் கதவா, இரட்டைத் தொட்டியா என்று சொல்கிறேன்.